கும்பிடுபூச்சியின் சாப்பாடு

போடிநாயக்கனூரில் நண்பர் வீட்டு ஜன்னலோரம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே ஒரு சுள்ளி. அதில் தலைகீழாக ஒரு கும்பிடுபூச்சி. நண்பரின் பேரன் எதிரே கவலையோடு உட்கார்ந்திருந்தான். "தாத்தா, ரெண்டு நாளா எதுவுமே திங்க மாட்டேங்குது" என்றான். எட்டிப் பார்த்தேன். அடியில் நாலு பருக்கைச் சோறும் செத்த ஈ ஒன்றும் கிடந்தன. உபசாரத்தில் குறைவில்லை. ஆனால் கும்பிடுபூச்சியின் கண்ணுக்கு அசைவதுதான் ஆகாரம்.

இதே கவலை பிரான்ஸ் தேசத்து ஃபாப்ருக்கும் இருந்தது. தெற்கே செரிஞான் கிராமத்தில் குடியேறி, ஆயுள் முழுக்கப் பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர். சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் மூடிவைக்கும் கம்பிவலை மூடிகளையே கும்பிடுபூச்சிகளுக்குக் கூண்டாக்கினார். இரை தினமும் உயிரோடு வேண்டுமே! அக்கம்பக்கத்துப் பையன்களுக்கு ரொட்டியும் முலாம்பழக் கீற்றும் லஞ்சம் கொடுத்தார். அவர்கள் காலையும் மாலையும் புல்வெளியில் வெட்டுக்கிளி பிடித்து, நாணல் குழாயில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். பூச்சியின் துணிச்சலைச் சோதிக்க, அதைவிடப் பெரிய வெட்டுக்கிளிகளையும் சிலந்திகளையும் தாமே தேடிப் பிடித்து உள்ளே விட்டார். அது எதற்கும் பின்வாங்கவில்லை. 1897-இல் வந்த அவருடைய நூலில் இதெல்லாம் ஒரு நாவலைப் போல இருக்கிறது.

எல்லாக் கும்பிடுபூச்சிக்கும் ஒரே பந்தி என்று நினைக்கக் கூடாது. தென்னிந்தியாவில் பிடில் வாத்தியம் போன்ற உடலோடு ஒரு ஜாதி உண்டு. லின்னேயஸ் 1758-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அதற்குப் பறக்கும் ஈயும் பட்டாம்பூச்சியுமே உகந்தவை. வெட்டுக்கிளியைப் பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்காது.

நம் பையனுடையது சாதாரணப் பச்சைப் பூச்சி. "வெட்டுக்கிளி பிடித்துப் போடு" என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே மலைமேல் ஏலத்தோட்டத்திலிருந்து வந்த யாரோ நாலைந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். பூச்சி ஆசையோடு தின்றது. விடிந்து பார்த்தால் பாட்டில் அடியில் விழுந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் அடங்கிவிட்டது.

தோட்டத்தில் முந்தின நாள்தான் மருந்து அடித்தார்களாம். விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்! ஏலக்காயைச் சொறியாக்கும் பேன்பூச்சிக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் பயந்து, திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். விளைச்சல் போனால் கடன் நிற்கும்; தோட்டக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939-இல் கண்டுபிடித்த முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கிடைத்தது. நரம்பைத் தாக்கும் அந்த வகை விஷத்துக்கு, இலையைத் தின்ற வெட்டுக்கிளி வேறு, வெட்டுக்கிளியைத் தின்றது வேறு என்ற கணக்கெல்லாம் கிடையாது. இரையின் ருசியைப் பற்றிச் சொன்ன நான், அது எங்கே மேய்ந்தது என்று கேட்கச் சொல்லவில்லை. அது என் பிசகு.

பையன் அழவில்லை. வேலியில் காய்ந்த நுரைபோல ஒட்டியிருந்த முட்டைக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். அதிலிருந்து கொசுவளவில் டஜன் கணக்கில் குஞ்சுகள் வரும். பசித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அவற்றுக்கு வாழைப்பழத்தோலில் மொய்க்கும் சின்ன ஈதான் சரி. அமெரிக்காவில் மார்கன் 1910 வாக்கில் பால் பாட்டிலில் வாழைப்பழம் போட்டு வளர்த்து, பரம்பரையின் ரகசியங்களைப் படித்தாரே, அதே ஈ. பழம் நம்மிடம் உண்டு, பாட்டிலும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது அவன் வாழைப்பழக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், "இது மருந்தடிச்ச தோட்டமா?" என்று கேட்கிறானாம்.