பூட்டைச் செய்து தந்தவர் யார்?

வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும், எல்ஸ்டர் வழியாக வரி விபரம் அனுப்பும்போதும், ஊரில் உள்ள உறவுகளுக்குச் செய்தி எழுதும்போதும் இடையில் நிற்பவர் படிக்க முடியாதபடி அதைப் பூட்டுவது குறியாக்கம். அதற்கான நிரல்களின் தொகுதியே குறியாக்க நூலகம். 1998இல் வெளிவரத் தொடங்கிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். அவற்றுள் மிகப் பரவலான ஒன்று.

அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். ஆனால் அதை வின்டோஸ் கணினியில் நிறுவக்கூடிய கோப்பாகத் தொகுத்துத் தருபவர்கள் பெரும்பாலும் வெளியாட்களே. இது சட்டவிரோதம் அல்ல. 2021இல் வந்த 3.0 பதிப்பின் அப்பாச்சி 2.0 உரிமம், நிபந்தனைகளுடன், மாற்றவும் பகிரவும் அனுமதிக்கிறது.

கணக்கியல் மொழியில் சொன்னால், மூலநிரல் பேரேடு. தொகுத்த கோப்பு ஐந்தொகை. பேரேடு திறந்திருப்பதால் மட்டும் ஐந்தொகை சரியாகிவிடாது.

கெட்ட நோக்கம் இல்லாமலும் தவறு நேரலாம். 2006இல் டெபியன் லினக்ஸ் தனது ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்பில் சில வரிகளை நீக்கியது. அதனால் சாவிகளை உருவாக்கும் எழுந்தமானத் தன்மை ஏறக்குறைய இல்லாமற்போனது. ஒரே வகைக் கணினியில், ஒரே நீளமுள்ள சாவிக்கு ஏறத்தாழ 32,000 சாத்தியங்களே மிஞ்சின. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. மென்பொருளைப் புதுப்பித்தது போதவில்லை. பழைய சாவிகளையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஜேர்மனியில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. வேர்னர் கொக் உருவாக்கிய க்னூ பிஜி 1999இல் 1.0 பதிப்பை எட்டியது. அதை வின்டோசுக்குக் கொண்டுவரப் பொருளாதார அமைச்சு நிதி வழங்கியது. பின்னர் தகவல் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் பணிப்பில் ஜிபிஜி4வின் தொகுப்பு வந்தது. அதன் கோப்புகளுடன் எண்மக் கையொப்பமும் வெளியிடப்படுகிறது.

எனவே நாம் மூன்றைக் கவனிப்போம்.

முதலாவது, தொகுத்தவர் யார், எந்தப் பதிப்பு, என்ன மாற்றினார் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, 64 எழுத்து நீளமான எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்புக் குறியை ஒப்பிட வேண்டும். கோப்பை மாற்றியவர் அருகிலுள்ள குறியையும் மாற்றலாம். ஆகவே கையொப்பத்தையும், வேறு வழியில் உறுதிசெய்த சாவியால் சோதிப்பது நல்லது.

மூன்றாவது, அவர் தொடர்ந்து புதுப்பிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 ஏப்ரல் 7இல் 1.0.1ஜி பதிப்பில் அடைக்கப்பட்டது. முந்திய பாதிக்கப்பட்ட பதிப்பைத் தொகுத்துப் பகிர்ந்தவர் மீண்டும் தொகுக்காவிட்டால், அவரிடம் பெற்றவர்களின் கணினியில் ஓட்டை அப்படியே இருக்கும்.

வட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர் அனுப்பினார் என்பது இந்த மூன்றுக்கும் பதில் அல்ல. நமது செய்திகளில் ஊரிலிருப்பவர்களின் பெயர்களும் இருக்கின்றன.