புது லாரியும் ஆரஞ்சுத் தோலும்

போன தை மாதத்தில் என் மைத்துனன் ஒரு புது லாரி வாங்கினான். வாங்கினான் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கால் பங்குப் பணம் அவனுடையது. அதிலும் பாதி அவன் மனைவியின் நகை. மிச்சமெல்லாம் கடன். நல்ல காரியத்துக்குப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனான். லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, எதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான்.

விற்பனைக் கம்பெனியின் முற்றத்தில் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. சந்தனம், குங்குமம், முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் தயார். டிரைவர் வயதானவர், முப்பது வருஷம் வடக்கே ஓட்டியவர். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. காலை வெயில் சாய்வாக விழுகிற இடத்தில் கதவோரமாகக் குனிந்து நின்று, தூங்குகிற குழந்தையைத் தடவுவது போல உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பார்த்தார்.

"மொதலாளி, இங்கே கொஞ்சம் வாங்க."

போய்ப் பார்த்தோம். நேரே நின்று பார்த்தால் கண்ணாடியாக மின்னிய கதவு, சாய்த்துப் பார்த்தபோது ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் போலப் புள்ளி புள்ளியாக மேடுபள்ளமாக இருந்தது. பக்கக் கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் வழிந்து, நெய் உறைந்த மாதிரி ஒரு சொட்டு. கேபினின் மேல் விளிம்பில் ரவையைத் தூவி அதன்மேல் வர்ணம் அடித்தாற்போலக் குருணை.

விற்பனைக்காரப் பிள்ளை சிரித்த முகம் மாறாமல், "வெயிலில் நின்ற வண்டி சார். ஒரு பாலிஷ் போட்டால் போய்விடும்" என்றான்.

"வெயில் மேலே இருந்து அடிக்கும் தம்பி. இது வர்ணத்துக்கு அடியிலே இருக்கு" என்றார் டிரைவர்.

கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில், வண்டியை எந்தக் குறையும் இல்லாமல் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி அச்சாகியிருந்தது. மைத்துனனின் பேனா அங்கே நின்றுவிட்டது. "என்ன மாமா செய்யலாம்?" என்று என்னைப் பார்த்தான். நாளைக் காலை வருகிறோம் என்று நான் சொல்லி வைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. இந்தச் சொட்டும் குருணையும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்புறமும் பல நாள் படித்தேன்.

மோட்டார் வண்டி பிறந்தபோது அதற்கென்று தனியாக ஒரு பெயிண்ட் கிடையாது. கோச்சு வண்டிகளுக்குப் பூசியவர்களே இதற்கும் பூசினார்கள். ஆளிவிதை எண்ணெயும் மரப் பிசினும் சேர்ந்த வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, நுரைக்கல்லால் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு பூசுவார்கள். தூசு எழும்பாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். இப்படி வாரக்கணக்கில் நடக்கும். அந்த மனிதர்களுக்கும் குருணையைக் கண்டால் பயம்தான். ஆனால் அவர்களிடம் அவகாசம் இருந்தது. குறை தென்பட்டால் தேய்த்துவிட்டு மீண்டும் பூசலாம்.

ஹென்றி ஃபோர்டிடம் அந்த அவகாசம் இல்லை. 1908-இல் வெளிவந்த அவருடைய 'மாடல் டி' வண்டி முதலில் பல வர்ணங்களில் கிடைத்தது. 1913-இல் டெட்ராய்ட்டுக்கு அருகே ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் கோக்கும் வேலை 93 நிமிஷமாகச் சுருங்கியது. ஒன்றரை மணியில் பிறக்கிற வண்டி, வர்ணம் காயப் பல வாரம் காத்துக்கொண்டிருக்குமா? 1914 முதல் 1925 வரை அந்த வண்டிக்குக் கறுப்பு ஒன்றே நிறம். அது முதலாளியின் பிடிவாதம் என்றுதான் ஊரெல்லாம் கதை. நான் கண்டவரை அது கணக்கு. நிலக்கீல் சேர்ந்த கறுப்பு எனாமல் மலிவு, உறுதி; அடுப்பில் வைத்துச் சுட்டால் சீக்கிரம் இறுகும்.

1917-இல் ஃபோர்டு ஒரு டன் லாரியையும் கொண்டுவந்தார். அப்போது வாங்குகிறவருக்குக் கிடைத்தது எஞ்சினும் சேஸிஸும்தான். மேல்கூட்டை அவர் தம் ஊர்த் தச்சரையும் கொல்லரையும் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் சேஸிஸைக் கொண்டுவந்து பாடி கட்டுகிற வழக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் ஒரு சௌகரியம் உண்டு. வர்ணம் சரியில்லை என்றால், பூசியவர் அடுத்த தெருவில் இருப்பார்; போய்ச் சண்டை போடலாம். என் மைத்துனனுடைய வண்டியின் கேபின் தொழிற்சாலையிலிருந்து முழுசாக வந்தது. அதற்கு வர்ணம் அடித்தவர் யாரென்று விற்பனைக்காரனுக்கே தெரியாது.

சுடுகிற கறுப்பு கறுப்பாக மட்டுமே இருந்தது. மற்ற நிறங்களுக்கு வழி திறந்தது ஒரு தற்செயலால். டூபாண்ட் கம்பெனி வெடிமருந்து செய்து பெருத்த கம்பெனி. முதல் உலக யுத்தம் முடிந்ததும் வெடிமருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. 1920 ஜூலையில் நியூஜெர்சி மாகாணத்துப் பார்லின் ஆலையில், சினிமாப் பிலிம் செய்கிற கரைசல் ஒரு பீப்பாயில் கேட்பாரற்றுக் கிடந்து, கோடை வெப்பத்தில் பாகுபோல் இருந்தது நீர்த்துப்போயிற்று. அப்படி நீர்த்ததில் நிறப்பொடியைத் தாராளமாகச் சேர்க்க முடிந்தது, மடமடவென்று காய்ந்தது. 'டூகோ' என்று அதற்குப் பெயர் வைத்து, 1924-ஆம் வருஷ மாடலான ஓக்லண்ட் கார்களுக்கு நீல வர்ணமாக அடித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் விஞ்ஞானி கெட்டரிங் இதைப்பற்றி ஒரு கதை சொல்வாராம். பெயிண்ட் வியாபாரி ஒருவரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் பேச்சில் இருத்திவிட்டு, அதற்குள் அவருடைய காருக்கு வேறு வர்ணம் அடித்துவிட்டார்கள். வெளியே வந்த மனிதர் தம் கார் காணோம் என்று தேடினாராம்! கதையில் உப்பு காரம் எவ்வளவோ, அறியேன். ஆனால் நம் ஊர்ப் பட்டறைப் பலகைகளில் 'டூகோ பெயிண்டிங்' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல் வந்த வழி இதுதான்.

இவ்வளவு சீக்கிரம் காய்கிற பொருளைத் தூரிகையால் இழுக்க முடியாது, தெளிக்க வேண்டும். அதற்குத் துப்பாக்கி தயாராக இருந்தது. ஒஹையோ மாகாணத்து டொலேடோ ஊரில் டாக்டர் டிவில்பிஸ் என்பவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் அதை வளர்த்துப் பெயிண்ட் தெளிக்கும் துப்பாக்கியாக்கினார். எங்கள் வண்டியின் வியாதியும் தெளிப்பதோடு பிறந்ததுதான். துப்பாக்கியிலிருந்து புகையாகப் போகிற வர்ணம் தகட்டில் துளித்துளியாக விழுகிறது. துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாவதற்குள் கரைப்பான் பறந்துவிட்டால், ஒவ்வொரு துளியும் மேடாகவே நின்றுவிடும். அதுதான் ஆரஞ்சுத் தோல். அதற்குப் பயந்து நீர்க்கத் தெளித்தாலோ, கனமாக அடித்தாலோ வழிந்துவிடும், சொட்டு விழும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதை வரவழைக்கும். ஒரே கேபினில் இரண்டும் இருந்தன என்பதை நினைத்து அன்றிரவு நான் தனியாகச் சிரித்தேன்.

தோலும் சொட்டும் அழகுக் குறைதான், லாரி ஓடும். பயப்பட வேண்டியது, அடுக்குகளில் ஒன்று இல்லாமலே போவது. 1960-களில் ஃபோர்டு கம்பெனியின் ரசாயனி ஜார்ஜ் புரூவரின் முயற்சியால் ஒரு புது முறை வந்தது. வண்டியின் கூட்டையே பெயிண்ட் தொட்டியில் முழுக்கி மின்சாரம் பாய்ச்சினால், சந்துபொந்துகளிலும் அடிப்பூச்சு சமமாகப் படிந்துவிடும். துருவுக்கு அருமையான கவசம். ஆனால் அதற்கு ஒரு பலவீனம்: சூரியனைத் தாங்காது, வெயில் பட்டால் சுண்ணாம்புபோல் பொடிந்துவிடும். அதனால் அதன்மேல் இடைப்பூச்சு ஒன்றைத் தெளித்து, பிறகே நிறத்தை அடிப்பார்கள்.

1980-களின் நடுவிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு பிக்கப் லாரிகள் பலவற்றில், சில வருஷத்திலேயே நிறம் வாழைப்பட்டை உரிவது போலத் தகடு தகடாக உரிந்தது. இடைப்பூச்சை விட்டுவிட்டு அடிப்பூச்சின் மேலேயே நிறத்தை அடித்ததுதான் காரணம், கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் மறு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள் என்று வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குகள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மத்திய நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. 1998-இல் நீதிமன்றம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்காக இதை நடத்த முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு வண்டியில் வெயிலால் உரிந்திருக்கலாம், இன்னொன்றில் வேறு காரணம் இருக்கலாம். ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கதை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் அந்த வாதத்தை நான் மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு லாரியின் வர்ணத்துக்காக ஒரு மனிதன் தனியே வக்கீல் வைத்துக்கொள்வானா?

மறுநாள் காலை கம்பெனிக்குப் போனோம். மானேஜர் மரியாதையாகக் காப்பி வரவழைத்து, "கேபின் முழுக்க மறுபடி பெயிண்ட் அடித்துத் தருகிறோம்" என்றார். மைத்துனனுக்கு முகம் மலர்ந்தது. நான் இரவு படித்ததை எடுத்துவிட்டேன். தொழிற்சாலையில் வெறும் தகட்டுக் கூட்டை ஏறக்குறைய 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். இப்போது உள்ளே ரப்பர், ஒயர், மெத்தை எல்லாம் ஏறியாயிற்று. 60 டிகிரிக்கு மேல் போக முடியாது. பட்டறையில் அடிப்பது வேறு பெயிண்ட், வேறு பதம். மானேஜர் காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கடைசியில் டிரைவர் சொன்னபடி நடந்தது. மேல் விளிம்பின் குருணையை மட்டும் நைசாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டார்கள். எங்கேயாவது அடிப்பூச்சு தெரிகிறதா என்று அவர் விளிம்பு விளிம்பாகத் தடவிப் பார்த்தார், இல்லை. அச்சடித்த வரியை மைத்துனன் அடித்துவிட்டு, கதவின் தோல், கண்ணாடிக்கு அடியில் சொட்டு என்று தன் கையால் எழுதி, உரிந்தாலோ துரு பிடித்தாலோ கம்பெனி பொறுப்பு என்று மானேஜரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அந்தக் காகிதம் இப்போது அவன் வீட்டில் நகைப்பெட்டியில் இருக்கிறது. அதில் வைக்க வேறு எதுவும் இல்லை.

போன வாரம் வண்டி நாக்பூரிலிருந்து திரும்பி வந்திருந்தது. போய்ப் பார்த்தேன். சொட்டு அப்படியே இருந்தது. அதன்மேல் டிரைவர் மையால் பெரிய பொட்டு ஒன்று வைத்திருந்தார்.

"திருஷ்டிக்கு இடம் தேடிக்கிட்டிருந்தேன் சாமி" என்றார்.