கண்டி மலைநாட்டுக் கனிப்பொருளும் ஈயத்தின் அணுத்திணிவும்

கண்டியைச் சூழ்ந்த மலைநாடு, 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகளால் ஆனது. அப்பாறைத் தொகுதி தெற்கே சப்பிரகமுவ வரை நீள்கிறது. 1815 வரை சப்பிரகமுவவும் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டதே. அங்கே பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக்கல் படிவுகளில் கிடைத்த பாரமான கறுப்புக் கனிப்பொருள் ஒன்று, அணுவெண்ணும் அணுத்திணிவும் வெவ்வேறு என்று உலகம் உணர்ந்த வரலாற்றில் இடம்பெற்றது. இரசாயனவியல் நூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமன்று.

அக்கனிப்பொருளை 1904 இல் முதலில் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனான அவர், 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தார். கண்டிக் காலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு வித்திட்டவையும் அந்நாளைய அளவைப் பயணங்களே. கறுப்புக் கல்லை அவர் யுரேனியக் கனிப்பொருளாகவே கருதினார். லண்டனில் வின்தம் டன்ஸ்டன் பகுத்தாய்ந்தபோது, அதில் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. தோரியனைற்று என்ற பெயர் அப்போது வந்தது.

1905 இல் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் அதே தோரியனைற்றிலிருந்து கதிர்த்தொழிற்பாடு மிகுந்த புதிய பொருள் ஒன்றைக் கண்டார். ரேடியோதோரியம் என்று அழைக்கப்பட்ட அதைத் தோரியத்திலிருந்து எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. ஒரே நடத்தை, வேறு திணிவு. 1913 இல் பிரெடெரிக் சொடி இத்தகையவற்றைச் சமதானிகள் என்றார். அதே ஆண்டு ஹென்றி மோஸ்லி, எக்ஸ் கதிர் அளவீடுகளின் வழியே, ஆவர்த்தன அட்டவணையில் மூலகத்தின் இடத்தை நிர்ணயிப்பது கருவின் ஏற்றமே, அதாவது அணுவெண்ணே, எனக் காட்டத் தொடங்கினார். 39.95 திணிவுள்ள ஆகன் 18 ஆம் இடத்திலும், 39.10 மட்டுமே உள்ள பொற்றாசியம் 19 ஆம் இடத்திலும் இருப்பதன் புதிர் அதனால் அவிழ்ந்தது.

சமதானிகள் உண்டு என்பதற்குத் தராசின் சான்று தர ஈயமே தகுந்தது. தோரியம் 232 ஆறு அல்பாத் துணிக்கைகளை இழந்தால் 208 திணிவுள்ள ஈயமாகும். யுரேனியம் 238 எட்டை இழந்தால் 206 ஆகும். இரண்டின் அணுவெண்ணும் 82. ஆகவே தோரியக் கனிப்பொருளில் பிறந்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமாக இருக்க வேண்டும். ஆனால் 1914 இல் ஹார்வர்டில் தியடோர் ரிச்சர்ட்ஸ், இலங்கைத் தோரியனைற்றின் ஈயத்துக்குப் பெற்ற மதிப்பு 206.82. சாதாரண ஈயத்தின் 207.2 ஐ விட அது குறைவு! தோரியனைற்றில் யுரேனியமும் கணிசமாகக் கலந்திருந்ததே காரணம். ஒரு யுரேனிய அணு, ஒரு தோரிய அணுவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக ஈயமாகிறது. சிறு கலப்பும் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

சொடியின் கூர்மை கனிப்பொருளைத் தெரிவு செய்ததில் இருக்கிறது. அவர் இலங்கையின் இன்னொரு கனிப்பொருளான தோரைற்றை எடுத்தார். அதில் யுரேனியம் நூற்றுக்கு ஒரு பங்களவே. ஹைமன் என்பவருடன் சேர்ந்து 1914 இல் செய்த முதல் அளவீடு 208.4 என்றது. மிகச் சிறிதளவு ஈயத்தைக் கொண்டு பெற்ற மதிப்பு அது. பின்னர் கூடுதல் தோரைற்றிலிருந்து பிரித்த ஈயம் 207.74 என்ற மதிப்பைத் தந்தது. சொடி அனுப்பிய அதே ஈயத்தை ஒட்டோ ஹொனிக்‌ஷ்மிட் தனியே அளந்து 207.77 என்றார். அந்த ஈயத்தின் அடர்த்தியும் சாதாரண ஈயத்தினதைவிட அதே விகிதத்தில் கூடியிருந்தது. அணுவின் பருமன் மாறவில்லை, திணிவு மட்டுமே மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று வேறில்லை என்பேன்.

ஆயினும் ஈயத்துக்கு ஒற்றை எண்ணே பாடநூல்களில் நூறாண்டு நிலைத்தது. பேராதனையில் இரசாயனவியல் கற்கும் மாணவரும் 207.2 என்றே கணக்கிட்டுப் பழகியவர். 2021 இல் தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியம் அதனை 206.14 முதல் 207.94 வரையான வீச்சாக மாற்றியது. ரிச்சர்ட்ஸ், சொடி, ஹொனிக்‌ஷ்மிட் ஆகியோர் இலங்கைக் கனிப்பொருள்களிலிருந்து பெற்ற 206.82, 207.74, 207.77 ஆகிய மூன்றும் அவ்வீச்சுக்குள்ளேயே அடங்குகின்றன.