ரோனி ராட்ஃபோர்ட்

ரோனி ராட்ஃபோர்ட் (12 ஜூலை 1943 – 2 நவம்பர் 2022) இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டக்காரர், நடுக்களத்தில் ஆடியவர், தொழிலால் தச்சர். 1972 பிப்ரவரி 5 அன்று ஹெரிஃபோர்ட் யுனைடெட் அணிக்காக, நியூகாசில் யுனைடெட்டுக்கு எதிராக அவர் அடித்த கோல் எஃப்.ஏ. கோப்பை வரலாற்றில் மிகுதியாக மறுஒளிபரப்பான கோல்களுள் ஒன்று. அந்த ஒரு கோலோடு அவரைப் பற்றிய பேச்சை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இங்கிலாந்தின் பகுதிநேரக் கால்பந்து எப்படி இயங்கியது என்பதை அறிய அவருடைய ஆட்டவாழ்வு முழுவதும் நல்ல சான்று.

தொடக்கம்

யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் ஒன்றான சவுத் எல்ம்சாலில் பிறந்தார். இளமையில் லீட்ஸ் யுனைடெட் அணியில் சேர்ந்தும் முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. பெரிய அணிகள் ஆண்டுதோறும் பல இளைஞர்களைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோரை ஓரிரு ஆண்டுகளில் அனுப்பிவிடும். அப்படி வெளியே வந்தவர்கள் பலருக்கு அன்று இருந்த வழி, ஒரு கைத்தொழிலைப் பற்றிக்கொண்டு, நான்கு பிரிவுகள் கொண்ட ஃபுட்பால் லீகுக்கு வெளியே உள்ள அணிகளில் ஆடுவது. ராட்ஃபோர்டும் அவ்வழியே சென்றார். செல்ட்டனம் டவுன், ரக்பி டவுன் அணிகளில் ஆடினார்.

அன்றைய பகுதிநேர ஆட்டக்காரருக்கு இரண்டு வருமானம் உண்டு. பகலில் வேலை, வார நாள்களில் சில மாலைகள் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வார நடுவில் வெளியூர் ஆட்டம் வந்தால் முதலாளியிடம் விடுப்புக் கேட்க வேண்டும். ஆனால் கையில் தொழில் உள்ள ஒருவர், ஃபுட்பால் லீகுக்கு வெளியே இருந்த சதர்ன் லீகின் நல்ல அணி ஒன்றில் ஆடினால், நான்காம் பிரிவின் முழுநேர ஆட்டக்காரரைவிடப் பணத்தில் குறைந்துவிட மாட்டார். லீகுக்கு உள்ளே இருப்பதே உயர்வு என்று இன்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம்.

1969இல் ராட்ஃபோர்ட் நான்காம் பிரிவில் இருந்த நியூபோர்ட் கவுன்டிக்குச் சென்று லீக் ஆட்டக்காரரானார். அங்கு அவர் கண்டது உயர்வல்ல: 1970–71 பருவத்தில் நியூபோர்ட் முதல் 25 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. 1971இல் அவர் சதர்ன் லீகில் இருந்த ஹெரிஃபோர்டுக்கு மாறினார். ஏட்டளவில் அது ஒரு படி இறங்குவது. ஆட்டத்தைப் பொறுத்தவரை ஏறுமுகம்தான். ஜுவென்டஸில் புகழ்பெற்ற வேல்ஸ் ஆட்டக்காரர் ஜான் சார்லஸ், ஆட்டக்கார மேலாளராக இருந்து கட்டிய அணி அது. அதே ஆண்டில் அந்தப் பொறுப்புக்குக் காலின் அடிசன் வந்தார்.

நியூகாசில் ஆட்டம்

1971–72 எஃப்.ஏ. கோப்பையில் ஹெரிஃபோர்ட் தகுதிச் சுற்றிலிருந்து மேலேறி வந்தது. நார்த்தாம்டனை வெளியேற்றவே இரண்டு மறு ஆட்டங்கள் தேவைப்பட்டன. மூன்றாம் சுற்றில் முதல் பிரிவு அணியான நியூகாசிலை அதன் சொந்தத் திடலில் சந்தித்தபோது, ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளிலேயே ஹெரிஃபோர்டின் பிரையன் ஓவன் கோலடித்தார். ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. ஹெரிஃபோர்டின் எட்கர் ஸ்ட்ரீட் திடலில் நடக்க வேண்டிய மறு ஆட்டம் மழையால் தள்ளிப்போய், நான்காம் சுற்று ஆட்டங்கள் நடந்த அதே சனிக்கிழமையில் நடந்தது. பிபிசி அங்கு அனுப்பிய வர்ணனையாளர் ஜான் மோட்சனுக்கு அப்போது 26 வயது. சில நிமிடத் தொகுப்பாகக் காட்டவே திட்டம் இருந்தது.

82ஆம் நிமிடத்தில் மால்கம் மக்டொனால்ட் தலையால் முட்டி நியூகாசிலை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பார்கள். நடுக்களச் சேற்றில் பந்தைப் போராடிப் பறித்த ராட்ஃபோர்ட், அதை ஓவனிடம் தட்டிவிட்டு முன்னே ஓடினார். ஓவன் திருப்பித் தந்த பந்து மேடுபள்ளமான தரையில் பட்டுச் சற்றே எழும்பியது. ஓட்டத்தை நிறுத்தாமல், ஏறத்தாழ 30 கஜத் தொலைவிலிருந்து வலக்காலால் ஓங்கி உதைத்தார். கோல்கீப்பர் மெக்ஃபால் பாய்ந்தும் எட்டவில்லை. பந்து கோல்வலையின் மேல்மூலையில் நுழைந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்வோர் அந்த எழும்பலைக் காட்டுவார்கள். அன்றைய திடலில் தரையோடு கிடக்கும் பந்தை அவ்வளவு தொலைவிலிருந்து வேகமாக அடிப்பது அரிது என்பது சரிதான். ஆனால் பந்து எழும்பிய அந்தக் கணத்தில், இன்னொரு தட்டுத் தட்டாமல் அடித்துவிடலாம் என்று கண்டுகொண்டது ஆட்டக்காரரின் திறமை. கைகளை உயர்த்தியபடி அவர் ஓட, பார்க்கா மேலங்கி அணிந்த சிறுவர்கள் கூட்டம் கூட்டமாகத் திடலுக்குள் பாய்ந்தார்கள்.

வெற்றி கோல் ராட்ஃபோர்டுடையது என்று பலர் நம்புகிறார்கள். அது சமன் செய்த கோல் மட்டுமே. கால் எலும்பு முறிந்த நிலையிலும் ஆடிக்கொண்டிருந்த ரோஜர் கிரிஃபித்ஸுக்கு மாற்றாக வந்த ரிக்கி ஜார்ஜ், கூடுதல் நேரத்தில் 103ஆம் நிமிடத்தில் அடித்ததே வெற்றி கோல். லீகுக்கு வெளியே உள்ள அணியொன்று முதல் பிரிவு அணியைக் கோப்பையில் வீழ்த்தியது, 1949இல் யோவில் சண்டர்லாந்தை வென்ற பிறகு அதுவே முதல் முறை. அன்றிரவு பிபிசியின் நிகழ்ச்சியில் இந்த ஆட்டமே முதலிடம் பெற்றது. மோட்சனின் நெடிய வர்ணனை வாழ்வும் அங்கிருந்து தொடங்கியது. அப்பருவத்தின் சிறந்த கோலாகவும் பிபிசி நேயர்கள் ராட்ஃபோர்டின் கோலைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்காம் சுற்றில் ஹெரிஃபோர்ட் வெஸ்ட் ஹாமை ஒரு கோலும் விடாமல் தடுத்து, ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தது. மறு ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமின் ஜெஃப் ஹர்ஸ்ட் மூன்று கோல் அடிக்க, 3–1 எனத் தோற்றது.

லீகின் கதவு

அக்காலத்தில் சதர்ன் லீகில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் லீகுக்குள் தானாக ஏற முடியாது. நான்காம் பிரிவின் கடைசி நான்கு அணிகள் ஆண்டுதோறும் மறுதேர்தலுக்கு நிற்கும், புதியவர்களும் போட்டியிடுவார்கள், ஏற்கெனவே உள்ளே இருக்கும் கழகங்கள் வாக்களிக்கும். தங்களுள் ஒருவரை அவை எளிதில் வெளியேற்றியதில்லை. இது திறமைக்கு எதிராகக் கட்டிய சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். அது 1987இல்தான் இடிந்தது. 1972 கோடையில் ஹெரிஃபோர்டும், மறுதேர்தலுக்கு நின்ற பாரோவும் முதல் வாக்கெடுப்பில் தலா 26 வாக்குகள் பெற்றன. இரண்டாவதில் ஹெரிஃபோர்ட் 29–20 என வென்று லீகில் நுழைந்தது. நியூகாசிலை வென்ற புகழ் இல்லாதிருந்தால் அந்த வாக்குகள் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

அடுத்த பருவத்திலேயே ஹெரிஃபோர்ட் நான்காம் பிரிவில் இரண்டாமிடம் பெற்று மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. ராட்ஃபோர்ட் 1974 வரை அங்கு ஆடினார். பிறகு வூஸ்டர் சிட்டியில் ஆட்டக்கார மேலாளரானார். பாத் சிட்டியிலும் ஆடினார். நியூகாசில் வெற்றியின் ஐம்பதாம் ஆண்டான 2022இல், நவம்பர் 2 அன்று, 79ஆம் வயதில் காலமானார்.