ஈரக் காற்றோடு ஒரு நூற்றாண்டு

1912-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விடத் தொடங்கினார். அதே ஆண்டு அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனம், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டரைத் தன் கார்களில் பொருத்தி விற்றது. முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றும் வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது. அதற்குப் பதில் பேட்டரியும் டைனமோவும் பல மீட்டர் செப்புக் கம்பியும் வண்டிக்குள் குடியேறின. காவிரி நாட்டு மெக்கானிக்குகளுக்கு ஈரத்தால் அன்று தொடங்கிய தலைவலி இன்னும் தீரவில்லை.

திருச்சி கடற்கரை ஊர் அல்ல. நாகப்பட்டினம் ஏறத்தாழ 140 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஆனால் திருச்சியின் வண்டிகள் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் இராமேசுவரத்துக்கும் ஓயாமல் போய் வருகின்றன. போய்வரும்போது அடிப்பாகத்தில் உப்பையும் கொண்டுவந்து விடுகின்றன. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரைவதற்குக் காற்றில் ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும்; மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 போதும். வெயில் காய்கிற நாளிலும் கடலோர உப்பு பிசுபிசுப்பது இதனால்தான். அந்த நனைந்த படலத்தின் வழியாகத்தான் இரும்பில் துரு ஏறுகிறது, செம்பில் களிம்பு பிடிக்கிறது. சித்திரை வெயிலில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பின்னாலேயே ஐப்பசி அடைமழை வரும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில் ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

தொடக்க காலத்துக் காப்பு அரக்கிலிருந்து வந்தது. டைனமோவின் சுருள்கள் பருத்தி நூல் சுற்றிய செப்புக் கம்பியால் ஆனவை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும் என்பதால் அரக்கு கரைத்த வார்னிஷில் சுருளை முக்கி, சூட்டில் உலர்த்தினார்கள். அந்த அரக்கை உலகத்துக்குப் பெருமளவில் கொடுத்தது இந்தியா. பிறகு செயற்கை வார்னிஷ்கள் வந்தன. ஆனாலும் எரிந்த ஆர்மேச்சரைப் பிரித்துச் சுற்றி வார்னிஷில் முக்கியெடுப்பது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் அடிப்படைக் கைவேலையாக நீடித்தது.

1961-இல் சென்னை பாடியில் லூகாஸ்–டிவிஎஸ் தொடங்கப்பட்டபின் டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் தமிழ்நாட்டிலேயே தயாராயின. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய அந்தக் காலத்தில் மழைக்காலக் காலை வேளைகளில் ஒரே புகார்தான் வரும்: வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த ஈரத்தை உலர்ந்த துணியால் துடைப்பார். கருகிப்போன பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். பூத்துப்போன பேட்டரி டெர்மினலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாஸ்லின் தடவுவார். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை வண்டியின் ஒவ்வொரு மின் இணைப்பையும் ஒருவர் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டார் என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

கெடுமுன்பே திறந்து பார்க்கும் பழக்கமும் திருச்சிக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முதலில் நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் இருந்தது. 1928-இல் அது பொன்மலைக்கு வந்தது. வேலையிழப்பு அச்சத்தால் எழுந்த அந்த ஆண்டின் பெரும் வேலைநிறுத்தமும் இந்த இடமாற்றமும் தொழிற்சங்க வரலாற்றில் பிரிக்க முடியாதவை. பொன்மலைத் தொழிலாளர்கள் அன்றாடம் சொல்லும் சொல் ‘பி.ஓ.எச்.’, அதாவது குறித்த காலத்துக்கு ஒருமுறை நடக்கும் முழுப் பராமரிப்பு. ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும், கெடு வந்துவிட்டால் வண்டி பணிமனைக்குள் வந்தாக வேண்டும். பாகம் பாகமாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசித்தான் வெளியே விடுவார்கள்.

இதைவிட மிகப் பழைய முறை ஒன்று ஸ்ரீரங்கத்தில் உண்டு. பெரிய பெருமாளின் திருமேனி சுதையாலானது. அதனால் மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது உற்சவரான நம்பெருமாளின் கவசங்களையும் ஆபரணங்களையும் களைந்து, சுத்தம் செய்து, பழுது நீக்கி, எடை சரிபார்த்து மீண்டும் சாத்துகிறார்கள். பக்தர்களுக்கு இது வழிபாடு. பொருள்களைக் காக்கும் கலை அறிந்தவர் இதில் இன்னொன்றையும் காண்பார்: எந்தப் பூச்சும் நிரந்தரமல்ல என்று தெரிந்துகொண்டு, அதைப் புதுப்பிக்கும் நாளைப் பஞ்சாங்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

மின்னணுக் கருவிகளுக்கான காப்பு முறை போர்க்களத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் ராணுவ ரேடியோக்கள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் ஊமையாகிப் போயின. பூஞ்சைக்கொல்லி கலந்த வார்னிஷை அவற்றின் உள்பாகங்களில் பூசினார்கள். இன்று காரின் கணினிப் பலகை மேல் பூசும் அக்ரிலிக், சிலிக்கோன் படலங்கள் அந்த வார்னிஷின் வாரிசுகள். போருக்குப்பின் இந்தியாவும் அரிப்பைத் தனி அறிவியலாக எடுத்துக்கொண்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. உப்புக் காற்று இடைவிடாமல் வீசும் மண்டபம் என்ற கடலோர ஊரில் அந்நிறுவனம் சோதனை நிலையம் அமைத்தது. உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் திறந்தவெளியில் வைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று அங்கே அளந்தார்கள்.

கார்களில் பெரிய மாற்றம் 2000-க்குப் பின் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, பெட்ரோல் கார்களில் கார்புரேட்டரும் பாயிண்ட்டும் போய், எரிபொருளையும் தீப்பொறியையும் அளந்து தரும் ஈசியு என்ற கணினிப் பெட்டி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தபோது சென்சார்கள் மேலும் பெருகின. ஈசியு பெட்டியை ரப்பர் விளிம்பு வைத்து மூடுகிறார்கள். சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, ஈரத்தை இழுக்கும். அதைத் தடுக்கப் பல பெட்டிகளில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் டெஃப்லான் சவ்வு ஒன்றும் உண்டு.

ஆகவே பெரும்பாலும் முதலில் கெடுவது பெட்டி அல்ல. கனெக்டரும், மின்சுற்றை வண்டியின் உடலோடு இணைக்கும் பாடி எர்த்தும்தான். அம்பாசடரில் களிம்பு பிடித்தால் விளக்கு மங்கும், செல்ஃப் முனகும், ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். ஐந்து வோல்ட்டில் பேசும் சென்சாரின் முனையில் களிம்பு பிடித்தால் ஈசியுவுக்குப் போகும் கணக்கு பொய்யாகிவிடும். அப்போது எச்சரிக்கை விளக்கு ஒருநாள் எரியும், மறுநாள் அணையும். நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது இப்படித்தான் நேர்கிறது.

மூடிய பெட்டியைப் பார்த்துப் பார்த்து, இணைப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கமே பணிமனைகளில் தேய்ந்துவருகிறது. அதை மீட்டாக வேண்டும். கடலோரப் பயணம் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆனால் என்ஜின் அறைக்குள் அழுத்த நீரைப் பீய்ச்சக் கூடாது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளில் அடைத்த சருகை எடுக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பாடி எர்த்துகளைக் கழற்றிச் சுரண்டி முடுக்கி, கனெக்டர்களின் ரப்பர் விளிம்பில் சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும். அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன் டெர்மினலில் தடவிய வாஸ்லினைப் போலவே இதற்கும் பெரிய செலவு ஆகிவிடாது. மழைக்கு முந்தைய சர்வீஸ் அட்டையில் இதற்கென்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டால், திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் போகும் குடும்பம் நள்ளிரவில் சாலையோரம் நிற்கும் நிலையைப் பெருமளவு தவிர்க்கலாம்.