ஸ்டுடியோ பவுடரும் எங்கம்மாவின் நிறமும்

நவரை நடவு முடிஞ்ச கையோட மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஆபீசில் எல்லோரும் ஒரு புரொஃபஷனல் போட்டோ தரணுமாம். மார்பளவு, வெளிர் பின்னணி, செல்போனில் எடுத்தது செல்லாது. "காஞ்சிபுரத்துல எந்த ஸ்டுடியோவுக்குப் போலாம்ப்பா?" என்று கேட்டாள்.

எந்தக் கடையில் நல்ல விதை கிடைக்கும் என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்லுவேன். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், கூடத்துச் சுவரில் மாலையோடு மாட்டியிருக்கும் எங்கம்மாவின் படம்.

அம்மா முசரவாக்கத்து ஏரித் தண்ணியிலேயே கால் ஊறி, நடவு நட்டு வாழ்ந்தவள். மழையில் நனைஞ்ச பனைமரம் மாதிரி மினுமினுன்னு ஒரு கறுப்பு. இறந்தபோதுதான் தெரிந்தது, அவளைத் தனியாக எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. இருந்தது வாக்காளர் அட்டை மட்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். காரியத்துக்குள் பெரிசு பண்ணிக் கொடுத்தார்கள். பட்டுப்புடவை, நகை, கோதுமை மாவு மாதிரி ஒரு முகம். அப்போது மகளுக்கு ஏழு வயசு. நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இது ஆயா இல்லியேப்பா" என்றாள்.

ஸ்டுடியோக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தாங்க கேக்குறாங்க, கறுப்பா குடுத்தா சண்டைக்கு வராங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் மனசில் தங்கிவிட்டது. அப்புறம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரான்சில் டாகேர் என்பவரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். பதினேழு வருஷத்தில் சென்னையிலேயே ஒரு போட்டோகிராபி சங்கம் வந்துவிட்டது. சென்னை ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர்தான் 1856-ல் அது உருவாக முன்னின்றவர். அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்து, மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தார். கோயில் தூண் அசையாது. அதனால் அவருக்குச் சிக்கல் குறைவு. மனுஷ முகம் அப்படி இல்லையே!

பிறகு சென்னையில் நிக்கோலஸ், வீல் அண்ட் கிளைன் என்று வெள்ளைக்காரர்களின் ஸ்டுடியோக்கள் வந்தன. அந்தக் காலத்தில் ஸ்டுடியோ என்றால் கண்ணாடிக் கூரையோ பெரிய ஜன்னலோ உள்ள அறை. மின்விளக்கு கிடையாது, சூரியன்தான் விளக்கு. சில விநாடிகளாவது ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பழைய படங்களில் தாத்தாக்கள் எல்லாம் முறைத்துக்கொண்டிருப்பது கோபத்தால் இல்லை. சிரிப்பை அத்தனை நேரம் யாரால் பிடித்து வைக்க முடியும்?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனத்துக்கு நீல வெளிச்சம் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. பின்னால் வந்த தகடுகளுக்குப் பச்சை தெரிந்தது, அப்போதும் சிவப்பு தெரியவில்லை. எல்லா நிறமும் தெரிகிற தகடு கடைக்கு வந்தது 1906-ல். அது பரவலாக இன்னும் பல வருஷம் ஆனது.

பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்து நண்பர் ஒருவர் வீட்டில் பழைய கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது. பாட்டி கட்டியிருப்பது அசல் அரக்கு நிறப் பட்டு என்று வீட்டில் சொல்வார்கள். படத்தில் அது கரிக்கட்டை மாதிரி கறுப்பு. ரொம்ப நாளாக அது எனக்குப் புரியவில்லை. சிவப்பு தெரியாத தகட்டில் அரக்கு அப்படித்தானே விழும்! நீலப் பட்டாக இருந்திருந்தால் வெளுத்துப் போயிருக்கும்.

நம்ம தோலும் அப்படித்தான். பழுப்பு நிறத்தில் பாதி சிவப்பு. அதனால் இருக்கிற நிறத்தைவிடக் கறுப்பாகத்தான் படத்தில் விழுந்தோம். உதடு கறுப்பு, கன்னத்துப் பரு எல்லாம் பெரிய கரும்புள்ளி. இதைச் சரிக்கட்ட வந்ததுதான் பவுடர். நெகட்டிவில் டச்சிங் என்பதும் அதற்குத்தான். கூராகச் சீவின பென்சிலால் நெகட்டிவில் முகத்தின் மேல் பொடிப்பொடியாகக் கோடு போடுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கருவியின் குறையை மறைக்க வந்த வேலை அது. கருவி சரியான பிறகும் கைப்பழக்கம் போகவில்லை. எங்க காலத்து ஸ்டுடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூணும் நமக்காகக் காத்திருந்தது அந்தப் பழக்கத்தில்தான். அது எதுக்கு வந்ததுன்னு பூசுனவருக்கும் தெரியாது, பூசிக்கிட்ட நமக்கும் தெரியாது.

கலர் பிலிம் வந்ததும் இது தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1950-களில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் மிஷின் சரி என்று கணக்கு. மற்றவர்கள் நிறம் எப்படி வந்தாலும் கேட்பாரில்லை. பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று பிறகு புகார் கொடுத்தது யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்கிறவர்களும். அதற்கப்புறம்தான் பிலிமில் பழுப்பைக் கவனித்தார்கள். மூன்று நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வர 1990-கள் ஆனது. மனுஷன் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை மேஜை நாற்காலிக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு போட்டோவில் என்ன பெரிசா இருக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கணித மேதை ராமானுஜன் சின்ன வயசில் கொஞ்ச காலம் நம்ம காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் இருந்தவர். 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்ப பாஸ்போர்ட்டுக்காக ஒரு படம் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஏப்ரலில் 32 வயசில் இறந்துபோனார். அவருடைய பேராசிரியர் ஹார்டிக்கு நல்ல படம் ஒன்று வேண்டியிருந்தது. 1936-ல் இந்தியா வந்த விஞ்ஞானி சந்திரசேகர், ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் கேட்டுப் பார்த்தபோது அந்த பாஸ்போர்ட் படம் கிடைத்தது. 1940-ல் வெளியான ஹார்டியின் புத்தகத்தில் அது இடம்பெற்றது. பல வருஷம் கழித்து அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வெண்கலத்தில் சிலை செய்ததும் அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான். ஆபீஸ் காரியத்துக்கு எடுத்த படம், கடைசியில் அந்த மனுஷனின் முகமாகவே நின்றுவிட்டது.

எங்கம்மாவுக்கும் அதே கதைதான். 1993-ல் சேஷன் தலைமையில் தேர்தல் ஆணையம் படத்தோடு வாக்காளர் அட்டை கொடுக்க உத்தரவு போடாமல் இருந்திருந்தால், அந்த ஒரு படம்கூட எங்களுக்கு மிஞ்சியிருக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மகளோடு கிளம்பினேன். காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் டியூப்லைட்டில் பார்த்து நிறம் முடிவு பண்ண மாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரிப்பார்கள். நானும் அதையே செய்தேன். ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் மாதிரிப் படங்களைக் கேட்டு வாங்கி வாசலில் வைத்துப் பார்த்தேன். முதல் கடையில் பத்துப் பேர் படத்திலும் ஒரே நிறம். பத்துப் பேரும் அண்ணன் தம்பிகளா என்ன? அடுத்த கடையும் அப்படியே. மூன்றாவது ஒரு சின்னக் கடை. கறுத்தவர் கறுப்பாக, சிவந்தவர் சிவப்பாக, வயசானவர் சுருக்கத்தோடு இருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்தோம்.

அந்தத் தம்பி கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுவரவில்லை. ரொம்பக் கிட்டே வந்தால் மூக்கு பெரிசாகிவிடுமாம். ஆறேழு அடி தள்ளி நின்றார். விளக்கை நேராக அடிக்காமல் ஒரு பக்கமாக, வெள்ளைத் துணி போட்டு வைத்தார். முப்பது படத்துக்கு மேல் எடுத்து, கம்ப்யூட்டரில் காட்டி, "நீங்களே எடுத்துக்கோங்க" என்றார். "கலர் மட்டும் தொடாதீங்கண்ணா" என்றாள் மகள். "பரு ஒண்ணு இருக்கே, அத எடுக்கட்டுமா?" என்று கேட்டார். அது நாளைக்குப் போய்விடும், எடுக்கலாம். நிறம் போகாது, விட்டுடணும். கணக்கு அவ்வளவுதான்.

பிரிண்டை வாசலில் பார்த்தேன். தாடையும் நெற்றியும் அப்படியே எங்கம்மா. பையிலிருந்த வாக்காளர் அட்டையை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். "இது கறுப்பு வெள்ளை, நிறம் எப்படிங்க தெரியும்?" என்றார். மகளைக் காட்டினேன். "இந்தப் பொண்ணு நிறத்தையே போடுங்க. இன்னும் ஒரு சுத்து கறுப்பு."

பத்து நாள் கழித்து வந்தது. கூடத்தில் பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டியிருக்கிறோம். பட்டுப்புடவை இல்லை, அட்டையில் கட்டியிருந்த அதே நூல்புடவை.

உங்க வீட்டுப் பெரியவங்களை இந்தப் பொங்கலுக்குள் ஒரு நல்ல ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போங்க. மாதிரிப் படத்தை வாசலில் வைத்துப் பாருங்க. பிரிண்டுக்குப் பின்னால் பேரும் வருஷமும் எழுதி வையுங்க.