ஆக்கியோனும் அறியாத குகை

இலக்கியம் முன்னே பிறக்கும். இலக்கணம் பின்னே வரும். தமிழ் கற்றோர் நன்கறிந்த இவ்வுண்மை ஆட்டங்களுக்கும் பொருந்தும். கணிப்பொறியில் ஆடப்படும் ஒருவகை ஆட்டத்திற்கு இலக்கணம் காண, 2008-ஆம் ஆண்டில் பெர்லின் மாநகரில் ஓர் அவை கூடிற்று. அவ்வகைக்கு 'ரோக்லைக்' என்பது பெயர். 'ரோக்' என்னும் ஆட்டத்தைப் போன்றவை என்பது பொருள். அவை கண்ட இலக்கணத்தை அறியுமுன், ரோக்கின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

1980-ஆம் ஆண்டளவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் பயின்ற மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இருவர் ஓர் ஆட்டம் இயற்ற முனைந்தனர். அந்நாளில் கணிப்பொறியில் புகழ்பெற்றிருந்தது 'அட்வெஞ்சர்' என்னும் குகைப் பயண ஆட்டம். அதன் புதிர்களை ஒருமுறை விடுவித்தவனுக்கு மறுமுறை புதுமை இல்லை. அத்தகைய ஆட்டத்தை இயற்றியவனுக்கோ முதல் முறையே புதுமை இல்லை! தாம் எழுதும் ஆட்டம் தம்மையே வியக்கவைக்க வேண்டும் என்று அவ்விருவரும் விரும்பினர்.

அதற்கு அவர்கள் கண்ட வழி எளியது, ஆனால் ஆழமானது. குகையை அவர்கள் வரையவில்லை. குகை வரையும் விதிகளை எழுதினர். திரையை வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாய்ப் பகுத்தனர். கட்டந்தோறும் ஓர் அறை. அதன் நீள அகலங்களைப் பகடை எறிவதுபோல் தற்செயல் எண்கள் முடிவு செய்தன. அறைகளை இடைவழிகள் இணைத்தன. ஓவியம் தீட்ட இயலாத திரையாதலின் எழுத்துகளே உருவங்களாயின; ஆங்கிலப் பேரெழுத்துகள் 26-உம் அரக்கர்களாய் உலவின. எழுத்தை வேண்டிய இடத்தில் நிறுத்த உதவிய 'கர்சஸ்' என்னும் நிரல்தொகுப்பைப் பெர்க்கிலி வளாகத்தில் அமைத்தவர் கென் அர்னால்டு. டாய் பெர்க்கிலி சென்றபின், அவரும் ரோக்கின் ஆக்கத்தில் பங்கு கொண்டார்.

இவ்வாட்டத்தில் இறந்த வீரன் மீளமாட்டான். மீண்டும் தொடங்கினால் வேறொரு குகை. ஆகவே மனப்பாடம் இங்கே பயன்படாது. விதியின் இயல்பை உணர்ந்தவனே முன்னேறுவான். மாணவ நேயர்களே! தேர்வுக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயன்றோ?

1983-இல் பெர்க்கிலியின் யூனிக்ஸ் வெளியீட்டோடு சேர்ந்து ரோக் பல பல்கலைக்கழகங்களை எட்டிற்று. ஆயினும் அதன் மூலநிரல் தொடக்கத்தில் பிறர் கைக்குக் கிட்டவில்லை. அத்தடையே வளர்ச்சிக்கு வித்தாயிற்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜே பென்லசன் என்னும் பள்ளி மாணவர் தம் தோழர்களுடன் 'ஹேக்' என்னும் ஆட்டத்தைத் தாமே எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் பிரவர் அதனை விரிவாக்கி 1984-இல் வெளியிட்டார். 1987-இல் அதுவே, வெவ்வேறு ஊர்களில் இருந்த பலர் கூடிய முயற்சியால், 'நெட்ஹேக்' ஆயிற்று. ஓக்லஹோமாவில் தோன்றிய 'மோரியா' வழியாக, 1990-இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் 'ஆங்பண்ட்' பிறந்தது.

இவ்வாறு பெருகிய குடும்பத்தின் பொதுவியல்புகளையே பெர்லின் அவை தொகுத்தது. இன்றியமையாதவை ஒன்பது, துணையானவை ஆறு என வகுத்தது. தற்செயலாய் அமையும் இடம், மீளாத இறப்பு, முறைவைத்து ஆடுதல் ஆகியவை முன்னவற்றுள் அடங்கும். எழுத்துருவத் திரை துணை இயல்பே. ஓர் இயல்பு குறைந்தமையால் ஓர் ஆட்டம் இக்குடும்பத்திற்குப் புறம்பாகாது என்பதையும் அவை தெளிவுறக் கூறிற்று.

எனினும், இலக்கணம் வேலியாகுமோ என்னும் வினா எழவே செய்தது. அதே 2008-இல் டெரிக் யூ 'ஸ்பெலங்கி'யை வெளியிட்டார். முறைவைத்து ஆடுதல் அதில் இல்லை. ஓடியும் தாவியும் விரைந்தாட வேண்டும். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிய குகை, மீளாத இறப்பு. இதனைக் குடும்பத்துள் சேர்ப்பதா, விலக்குவதா? வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

2016-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோக்லைக் கொண்டாட்டம்' என்னும் கூட்டம் நிகழ்ந்தது. டாய், விச்மன், அர்னால்டு மூவரும் ஒரே மேடையில் அமர்ந்து பழங்கதை பேசினர். அவர்தம் வழித்தோன்றல்களை ஆக்கியோரும் ஆடுவோரும் அமர்ந்து கேட்டனர்.

இலக்கணம் மரபை நினைவில் வைக்கிறது. மீறல் அதனை வளர்க்கிறது. இரண்டும் வேண்டும். ஆனால் இவ்விரண்டிற்கும் முன்னே நிற்பது, தன் படைப்பைக் கண்டு தானே வியக்க விழைந்த மாணவ உள்ளம். அவ்விழைவு உள்ளவரை புதிய குகைகள் தோன்றிக்கொண்டே இருக்கும்.